நான்கு சரித்திர நாவல், நான்கு விதத் துயரம்: பெங்களூர் வாசிப்பு வட்டம் எதை எடுக்கலாம்?

பெங்களூரில் ஏழெட்டுத் தமிழர் சேர்ந்து ஞாயிறுதோறும் ஒரு நாவலை வாசிப்பது என்று கூடினால், முதல் இரண்டு வாரம் எந்த நாவல் என்ற பேச்சிலேயே போய்விடும். 'மனசை உலுக்குகிற சரித்திர நாவலாக இருக்கட்டும்' என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வேலைக்கு வந்தவர் கல்கியைப் பள்ளி நாளிலேயே முடித்திருப்பார். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பிறந்து வளர்ந்தவர் வீட்டில் தமிழ் பேசுவார், பள்ளியில் கன்னடம் படித்திருப்பார், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். இருவருக்கும் ஒரே புத்தகம் பொருந்த வேண்டும்.

கடைசிச் சுற்றில் பெரும்பாலும் நிற்பவை நான்கு: கல்கியின் 'பொன்னியின் செல்வன்', அவருடைய 'சிவகாமியின் சபதம்', சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்', ஜெயமோகனின் 'வெள்ளை யானை'. நான்கும் உருக்கும். ஆனால் ஒன்று உருக்குகிற மாதிரி இன்னொன்று உருக்காது. ஒன்றில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காரலாம். இன்னொன்றில் அந்தச் சாப்பாட்டுத் தட்டுதான் உறுத்தும். புகழையும் பருமனையும் பார்த்து எடுப்பதைவிட, எந்தத் துயரத்துக்கு நம் வட்டம் இப்போது தயாராக இருக்கிறது என்று பார்த்து எடுப்பது நல்லது. கதை முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ஒன்றையும் வாசிக்காதவர்கள் அதைத் தெரிந்துகொண்டு மேலே போகலாம்.

முதலில் நேரக் கணக்கு. பழகிய தமிழ் வாசகர் கல்கியின் நடையை மணிக்கு 25 முதல் 30 பக்கம் வாசிப்பார். எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கு மணிக்கு 10, 12 பக்கம்தான். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், 293 அத்தியாயம், பதிப்பைப் பொறுத்து 2,200 பக்கத்துக்கு மேல். பழகியவருக்கே 80 மணி நேரம் பிடிக்கும். 'சிவகாமியின் சபதம்' நான்கு பாகம், சுமார் 1,000 பக்கம். 36 முதல் 40 மணி நேரம். 'காவல் கோட்ட'மும் ஆயிரத்தைத் தாண்டும், ஆனால் அதன் மொழி அடர்த்தியானது, மதுரை வட்டாரச் சொல் நிறைய. மணிக்கு 20 பக்கம் என்று வைத்தால் 50 மணி நேரம் தாண்டும். 'வெள்ளை யானை' நானூறு பக்க அளவு. 16 மணி நேரத்தில் முடியும். ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் ஒரு வழிக்கு 40 நிமிடம் போகிறவருக்கு வாரத்துக்கு ஆறு மணி நேரம் கிடைக்கும். 12 வாரத்தில் 'பொன்னியின் செல்வ'னை முடிக்க அது போதாது. மற்ற மூன்றுக்கும் போதும். வாரத் திட்டம் போடும்போது வட்டத்தில் மெதுவாக வாசிப்பவரின் வேகத்தை வைத்துப் போடுங்கள். வேகமானவரை வைத்துப் போட்ட வட்டங்கள் நாலாம் வாரத்தில் பாதியாகிவிடும்.

'பொன்னியின் செல்வ'னை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைப் பிடித்து இழுக்கும். தமிழ் வாசிப்புப் பழக்கம் விட்டுப்போனவரை மறுபடி உட்கார வைக்க இதைப்போல இன்னொன்று கிடையாது. அதில் துயரம் இருக்கிறது. ஆனால் பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்த துயரம். நந்தினிக்கு ஒரு பங்கு, ஆதித்த கரிகாலனுக்கு ஒன்று, ஊமை ராணிக்கு ஒன்று. கடைசி அத்தியாயத்தில் வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர் விடும் இடத்தில்தான் வாசகர் உடைவார். அது வருவதற்குள் 292 அத்தியாயம் சாகசத்திலும் சிரிப்பிலும் போயிருக்கும். மனசை உலுக்க வேண்டும் என்பதே நோக்கமானால் இது முதல் தேர்வு அல்ல. இன்னொரு சங்கடம், 2022-லும் 2023-லும் வந்த படம். அதைப் பார்த்தவர்கள் படத்தில் உள்ள முடிவையும் நாவலில் உள்ள முடிவையும் கலந்து பேசுவார்கள், கூட்டத்தில் பாதி நேரம் நடிகர் தேர்வைப் பற்றியே போகும். வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்து தமிழ் வாசிக்கப் பழக வேண்டுமென்றால் மட்டும் இதையே எடுங்கள். முதல் பாகத்தைப் பெரியவர் உரக்க வாசிக்க, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் தொடர வேண்டும். இரண்டாம் பாகத்தில் பிள்ளையே புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

'சிவகாமியின் சபதம்' வேறு ரகம். 1944-இலிருந்து 1946 வரை 'கல்கி' இதழில் வந்தது. சிவகாமியும் அவள் தந்தை ஆயனரும் கற்பனைப் பாத்திரங்கள். பல்லவ அரசர் மகேந்திரவர்மன், அவர் மகன் மாமல்லன் நரசிம்மவர்மன், வாதாபிச் சாளுக்கிய அரசன் புலிகேசி, பல்லவத் தளபதி பரஞ்சோதி ஆகியோர் வரலாற்றில் இருந்தவர்கள். கற்பனைப் பெண்ணின் துயரத்தை வரலாற்று ஆண்களின் போருக்கு நடுவில் வைத்ததுதான் இந்த நாவலின் கட்டுமானம். கதை முன்பே தெரிந்திருந்தாலும் அது வலிப்பதற்குக் காரணமும் அதுதான். வாதாபி கி.பி. 642-இல் வீழ்ந்தது என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். மாமல்லன் ஜெயிப்பான் என்பது தெரியும். சிவகாமிக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இதில் கிட்ட நின்று பார்க்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, ஆயனர் வீட்டுக்குள் கேடு நுழையும் வழி. காட்டுக்குள் சிற்பக்கூடம், மகள் ஆட, தந்தை அந்த அபிநயத்தைக் கல்லில் பிடிக்கிறார். அவருக்கு ஒரே ஒரு ஆசை, அஜந்தா ஓவியத்தின் அழியாத வர்ணத்துக்கு என்ன ரகசியம் என்று தெரிய வேண்டும். அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டுதான் வாதாபியின் ஒற்றரான புத்த பிக்ஷு நாகநந்தி உள்ளே வருகிறார். போரோ பொறாமையோ அந்த வீட்டுக் கதவைத் திறக்கவில்லை, கலைமேல் வைத்த பற்று திறந்தது. முதல் வாசிப்பில் இது கண்ணில் படாது. இரண்டாம் முறை வாசிப்பவருக்கு, ஆயனர் உற்சாகமாக அஜந்தாவைப் பற்றிக் கேட்கும் இடத்திலேயே தொண்டை அடைக்கும்.

இன்னொன்று, வாதாபியில் மாமல்லன் மாறுவேடத்தில் மீட்க வந்தபோது சிவகாமி வர மறுக்கும் இடம். சிறைபிடிக்கப்பட்ட தமிழர்கள் சாட்டையடியிலிருந்து தப்ப அவள் நாற்சந்தியில் ஆட வேண்டியிருந்தது. அந்த அவமானத்தில்தான் சபதம் செய்கிறாள், இந்த நகரம் எரிந்தாலொழிய வெளியே வரமாட்டேன் என்று. வந்தவன் கெஞ்சுகிறான், அவள் அசையவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். மாமல்லன் பெரும்படையோடு திரும்பி வரும்போது அவனுக்குப் பாண்டிய இளவரசி மனைவி, இரண்டு குழந்தைகள். கடைசியில் சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதருக்கே தன்னை மணம் செய்துகொடுக்கிறாள். அந்த மறுப்பு தன்மானமா, பிடிவாதமா? வட்டத்தில் இந்த ஒரு கேள்விக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். தப்பு யாருடையது என்று ஒவ்வொருவரும் தனித்தனித் துண்டுச்சீட்டில் ஒரே ஒரு பெயர் எழுதிப் போடட்டும். மகனின் காதலுக்குக் குறுக்கே நின்ற மகேந்திரர், காத்திருக்காத மாமல்லன், வர மறுத்த சிவகாமி, வர்ண ரகசியத்துக்காக ஏமாந்த ஆயனர் என்று சீட்டு நாலாகப் பிரியும். பேச்சு அங்கிருந்து தானாக ஓடும்.

பெங்களூருக்கென்று இந்த நாவல் வைத்திருக்கும் விசேஷம் ஒன்று உண்டு. தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பிரேசர் டவுனுக்கு அதிகாரப்பூர்வமான பெயர் புலிகேசி நகர். நாவலில் நாம் சபிக்கும் அரசன், நம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாடப்புத்தக நாயகன். வடக்கே ஹர்ஷனைத் தடுத்து நிறுத்தியவன் இம்மடி (இரண்டாம்) புலிகேசி. ஐஹொளே மேகுடி சமணக் கோயிலில் அவனுடைய புலவர் ரவிகீர்த்தி கி.பி. 634-இல் பொறித்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்தான் என்று அதில் வருகிறது. நாவலின் காஞ்சி முற்றுகைக்கு அந்தப் பக்கத்துச் சாட்சியம் அது. சென்னையில் உட்கார்ந்து வாசிப்பவர் இதைத் தகவலாக எடுத்துக்கொள்வார். இங்கே வாசிப்பவர் மறுநாள் காலையில் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டி வேலைக்குப் போக வேண்டும். அழுத கண்ணோடு எதிர்த்தரப்பையும் மதிக்கப் பழகுவது இந்த ஊரில்தான் சாத்தியம். இந்த நாவலை இங்கே வாசிக்கச் சொல்வதற்கு என் முதல் காரணமும் அதுவே.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, மூன்றாம் பாகத்தோடு பேச்சு தமிழர்-கன்னடர் சண்டையாகிவிடுவது. அதைத் தடுக்க மிக எளிய வழி, அடுத்த நூறு வருஷத்தையும் சேர்த்துப் பேசுவது. வாதாபி எரிந்த பிறகு சாளுக்கியர் மீண்டார்கள், புலிகேசியின் மகன் முதலாம் விக்ரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தான். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்ரமாதித்தனும் காஞ்சியைப் பிடித்தான். ஆனால் அவன் நகரத்தை எரிக்கவில்லை. கைலாசநாதர் கோயில் செல்வத்தைப் பார்வையிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயில் தூணிலேயே இருக்கிறது. அவனுடைய அரசி லோகமாதேவி பட்டதக்கல்லில் எடுத்த விருபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயல் தெரியும். கடைசிக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் சொல்லாதீர்கள். நாலாம் பாகம் 'சிதைந்த கனவு' முடிந்த மனநிலையில் இதைக் கேட்கும்போது வருகிற அமைதி, முன்கூட்டியே தெரிந்தால் வராது.

முடிந்தால் ஒரு பயணமும் போகலாம். வாதாபி என்பது இன்றைய பாதாமி, பாகல்கோட் மாவட்டம், பெங்களூரிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை பாதாமி. மூன்றாம் குகை கி.பி. 578-இல் முடிந்தது, அதாவது புலிகேசி காலத்திலேயே அங்கே இருந்தது. நரசிம்மவர்மன் பெயர் சொல்லும் சிதைந்த கல்வெட்டு ஒன்று அந்த ஊர்ப் பாறையில் இருக்கிறது. பட்டதக்கல் அங்கிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம், ஐஹொளே அதற்கும் அப்பால். மூன்றையும் பார்க்க முழுசாக இரண்டு நாள் வேண்டும். மார்ச்சிலிருந்து மே வரை வேண்டாம், அந்தச் செம்பாறை வெயிலை உள்வாங்கித் திருப்பி அடிக்கும். மூன்றாம் பாகத்துக்கும் நாலாம் பாகத்துக்கும் நடுவில் போவது நல்லது. சிவகாமி இன்னும் அந்த ஊரில் காத்திருக்கிறாள் என்ற நினைப்போடு அந்த ஏரிக்கரையில் நிற்பதும், கதை முடிந்த பிறகு சுற்றுலாவாகப் போய் நிற்பதும் ஒன்றல்ல.

பதிப்பு வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். மலிவுப் பதிப்பில் எழுத்துப்பிழை, விட்டுப்போன பத்தி, பொடி எழுத்து எல்லாம் உண்டு. ஒரே தொகுதியாகக் கட்டிய ஆயிரம் பக்கப் புத்தகம் மெட்ரோவில் நின்றுகொண்டு பிடிக்க ஆகாது, இரண்டாம் மாதத்தில் முதுகும் பிரிந்துவிடும். இரண்டு தொகுதிப் பதிப்பாகப் பார்த்து, நடுவில் ஏதாவது பத்துப் பக்கத்தைப் புரட்டி அச்சைச் சோதித்து வாங்குங்கள். போனில் வாசிப்பவருக்கு மதுரைத் திட்டம் (Project Madurai) இணையதளத்தின் மின்பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கு ஒலிநூல் நல்ல ஊன்றுகோல்; ஆனால் ஒலியைக் கேட்டபடியே புத்தகத்தில் விரல் வைத்துத் தொடரச் சொல்லுங்கள். ட்ராஃபிக்கில் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவதில் அழுத்தமான இடங்கள் எல்லாம் ஹாரன் சத்தத்தில் போய்விடும். 'காவல் கோட்ட'மும் 'வெள்ளை யானை'யும் காப்புரிமை உள்ளவை, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவரிடம் மொத்தமாகச் சொல்லிவிட்டால் கழிவு கிடைக்கும்.

இனி அந்த இரண்டு நாவல்கள். அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஒரே ஒரு புள்ளியில் நிறுத்திப் பார்ப்பது தெளிவு தரும். இரண்டிலும் தாது வருஷப் பஞ்சம் வருகிறது. 1876-இல் தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற பஞ்சம் அது; பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் 55 லட்சம் பேர் செத்ததாகக் கணக்கிடுகிறார்கள். மைசூர் சமஸ்தானத்தில் ஐந்தில் ஒரு பங்கு மக்கள் போனதாக மதிப்பீடு. நாம் வாரக்கடைசியில் சொகுசாக மைசூர் போகிற ரயில் பாதை, பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கூலிவேலை தரும் பணியாகவும் நடந்த வேலை. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கத் தர்பார் நடந்தது, விருந்து ஒரு வாரம் ஓடியது. பஞ்சத்தின் நடுவிலும் இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது.

'காவல் கோட்டம்' இந்தப் பஞ்சத்தை மதுரைக்குள் நின்று சொல்கிறது. மாலிக் காபூர் படையெடுப்பில் ஆரம்பித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ அறுநூறு வருஷத்தைப் பிடிக்கும் நாவல். 2008-இல் வந்தது, 2011-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்றது. அதில் குஞ்சரத்தம்மாள் வருகிறாள். தாசி, பஞ்சத்தில் தன் நகையையும் சொத்தையும் விற்று, தன் வீட்டு வாசலில் அண்டா வைத்துக் கஞ்சி ஊற்றியவள். மதுரை நாட்டார் நினைவில் இருந்த பெண்ணைத்தான் நாவல் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பகுதியில் வருகிற கண்ணீர் நன்றிக் கண்ணீர். ஊர் எவரை ஒதுக்கியதோ அவள் ஊருக்குச் சோறு போட்டாள் என்பதில் மனசு இளகும், நிமிரவும் செய்யும். அதே நாவலில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டை இடிக்கப்படும் பகுதி இருக்கிறது. கல் விழுவதைவிட அந்தக் கோட்டையில் குடியிருந்த காவல் தெய்வங்கள் வெளியேறுவதுதான் அதில் கலங்க வைக்கும். மதுரையின் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த இடிப்பு வேலையோடு சேர்ந்த பெயர்கள். அங்கிருந்து வந்தவர்கள் வட்டத்தில் இருந்தால், தாங்கள் நூறு தடவை நடந்த தெருவின் பெயர் இப்படி வந்தது என்று தெரியும்போது முகம் மாறும்.

ஆனால் இதில் பாதியில் நிற்பவர்களே அதிகம். காரணம் முதல் மூன்றில் ஒரு பங்கு. கருப்பன் காவலில் சாக, கர்ப்பிணியான சடைச்சி ஓடிப்போய்த் தாதனூர் என்ற ஊருக்கு வித்தாகும் தொடக்கம் நெஞ்சைப் பிடிக்கும். உடனே கதை விஜயநகரத்துக்கும் நாயக்கர் வம்சத்துக்கும் விரிகிறது. பெயர்கள் அடுக்கடுக்காக வரும், ஒட்டிக்கொள்ள ஆள் கிடைக்காது. வாசகர் உணர்ச்சி வற்றிப்போய்ப் புத்தகத்தை மூடும் இடம் இதுவே. மருந்து என்னவென்றால், ஒரே தாளில் மதுரை ஆட்சி மாறிய வரிசையை எழுதி அட்டைக்குள் ஒட்டிக்கொள்வது. நாயக்கர் பகுதியை வட்டத்தில் ஒருவர் முன்கூட்டி வாசித்துப் பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, மற்றவர்கள் வேகமாகக் கடப்பது. களவும் காவலும் ஒரே கையில் இருந்த தாதனூர் மறுபடி வந்ததும் நாவல் தன் வேகத்தை எடுத்துக்கொள்ளும். பிற்பகுதியில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கைரேகை அந்த ஊரை நெருங்கி வருவதைப் பார்க்க நேர்மையான பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உள்ள, ஏற்கெனவே இரண்டு மூன்று பெரிய நாவலைச் சேர்ந்து முடித்த வட்டத்துக்கு இது சரி. புது வட்டத்துக்கு வேண்டாம்.

'வெள்ளை யானை' (2013) அதே பஞ்சத்தைச் சென்னையில் நின்று, ஏய்டன் பைர்ன் என்ற ஐரிஷ் அதிகாரியின் கண் வழியாகப் பார்க்கிறது. மையத்தில் இருப்பது ஐஸ். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் வந்து சென்னைக் கடற்கரைக் கிடங்கில் இறங்கிய பனிக்கட்டி. 1842-இல் கட்டிய அந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். துரைமார் மதுவில் போடுவதற்கான ஐஸை, பஞ்சத்தில் ஊரை விட்டு வந்த தலித் கூலிகள் வெறும் உடம்போடு உடைத்துச் சுமக்கிறார்கள். அவர்களின் வேலைநிறுத்தத்தை நாவல் விரித்தெடுக்கிறது. அந்தக் கட்டி ஒன்றே போதும். வெளியே மனிதர் காய்ந்து கருகிக் கிடக்கும்போது, உள்ளே உருகாமல் பாதுகாக்கப்படும் தண்ணீர். இது குஞ்சரத்தம்மாளின் கஞ்சி அண்டாவுக்கு நேர் எதிர். அங்கே தனக்கிருந்ததைக் கொடுத்தவளைப் பார்த்து அழுகிறோம். இங்கே கொடுக்க ஏராளமாக இருந்தும் கொடுக்காத ஒரு முழு அமைப்பைப் பார்க்கிறோம், அதில் உள்ளூர் மேல்சாதியினரின் பங்கையும் சேர்த்து. அழுகை வராது. ஒரு குற்ற உணர்ச்சி வரும், அது புத்தகத்தை மூடினாலும் போகாது.

பெங்களூர்த் தமிழர் பலருக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. பஞ்சத்துக்கு அடுத்த பத்தாண்டுகளில்தான் கோலார் தங்கவயல் பெரிதாகிறது. வட ஆற்காட்டிலிருந்து போன தலித் குடும்பங்கள் அந்தச் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் வரை இறங்கின. 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடியது; அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தினசரி ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் வட்டத்தில் இருந்தால், செங்கல்பட்டுச் சாலையில் மக்கள் செத்து விழும் அத்தியாயத்தை அவர் முன்னால் 'என்ன வர்ணனை!' என்று பாராட்டிப் பேச முடியாது. அவரைச் சாட்சி சொல்லச் சொல்லியும் வற்புறுத்தக் கூடாது. விரும்பினால் அவரே பேசுவார்.

இந்த நாவலில் வாசகர் நிற்கும் இடம் அந்தப் பஞ்ச அத்தியாயங்கள்தான். இரவு படுக்கப் போகும்போது வாசித்துவிட்டு, மறுபடி எடுக்கவே மனம் வராமல் விட்டுவிடுவார்கள். பகலில் வாசிக்கச் சொல்லுங்கள், இரண்டு அத்தியாயத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். தீபாவளி, பொங்கலை ஒட்டிய ஞாயிறில் அந்தப் பகுதியை வைக்காதீர்கள். மனசில்லாமல் வருவார்கள், அல்லது வரமாட்டார்கள். கூட்டத்துக்கு முன் ஒரு காரியம் செய்யலாம். 1877-இல் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் பஞ்ச வேலைக்கு விதித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். சமையலறைத் தராசில் 450 கிராம் அரிசியை நிறுத்து மேஜைமேல் ஒரு தட்டில் கொட்டி வையுங்கள். முதலில் பார்க்க நிறையத்தான் தெரியும். கலோரிக் கணக்கில் அது ஏறத்தாழ 1,600. மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்குத் தேவை அதைப்போல் இரண்டு மடங்கு. பருப்பில்லை, எண்ணெய் இல்லை, காய் இல்லை. இந்தத் தட்டு மேஜையில் இருக்கும்போது நடக்கிற பேச்சு, இல்லாதபோது நடப்பதைவிட நிதானமாக இருக்கும்.

எந்த நாவலை எடுத்தாலும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மனசு கலங்கிய பக்கத்தில் அன்றிரவே மூன்று வரி போதும்: பக்க எண், கலக்கியது எந்தச் சொல் அல்லது செயல், அப்போது ஞாபகம் வந்த ஆள் அல்லது இடம். 'ரொம்ப உருக்கம்', 'அருமை' என்று எழுதினால் பத்து நாள் கழித்துப் பார்க்கும்போது அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. 'மாமல்லன் குழந்தைகளைப் பற்றிச் சொன்ன வரி. அக்கா கல்யாணம்' என்று எழுதினால் கிடைக்கும். எழுதி முடிக்கும்வரை யாருக்கும் போன் செய்யவோ வாட்ஸ்அப் குழுவில் போடவோ வேண்டாம். மற்றவர் வார்த்தை வந்ததும் நம் வார்த்தை ஓடிவிடும். நிஜமா கற்பனையா என்று உடனே போனில் தேடுவதும் இதே மாதிரிதான். சிவகாமி கற்பனை என்று அந்த நிமிடத்தில் தெரிந்துகொண்டவருக்கு அழுகை பாதியில் நின்றுவிடும். தேடலை வாரக் கடைசிக்குத் தள்ளிப்போட்டு, ஒருவர் மட்டும் அந்தப் பொறுப்பை எடுத்து வந்து சொல்லட்டும்.

அந்தக் குறிப்பேடு வைத்திருந்தால் இன்னொன்றும் தெரியும். கல்கியை இரண்டாம் முறை வாசிக்கும்போது துயரம் முன்னால் நகர்ந்துவிடும். சிவகாமியும் மாமல்லனும் தாமரைக் குளக்கரையில் பேசும் சந்தோஷமான பக்கங்களே தாங்க முடியாமல் போகும், ஏனென்றால் நமக்கு முடிவு தெரியும். 'வெள்ளை யானை'யில் அது பின்னால் நகரும். முதல் முறை செங்கல்பட்டுச் சாலையில் உடைந்தவர், இரண்டாம் முறை அதைக் கடந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஆபீசில் காகிதம் நகரும் பக்கங்களில் தடுமாறுவார். ஏற்கெனவே கல்கியை வாசித்துவிட்டேன் என்று சலித்துக்கொள்ளும் நண்பருக்கு இதைச் சொல்லலாம். அவர் பதினாறு வயதில் வாசித்த நாவலும் நாற்பத்தைந்தில் பெண் பிள்ளைக்குத் தகப்பனாக வாசிக்கும் நாவலும் வேறு வேறு. அப்போது மாமல்லனாக வாசித்திருப்பார், இப்போது ஆயனராக வாசிப்பார்.

ஆக, தேர்வு. புதிதாகச் சேர்ந்த, தமிழ் வேகம் கலந்து கிடக்கிற பெங்களூர் வட்டத்துக்கு 'சிவகாமியின் சபதம்'. 14 ஞாயிறு, கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம். ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று ஞாயிறு, அந்தத் துண்டுச்சீட்டு மாலைக்கு ஒன்று, காஞ்சிக் கன்னடக் கல்வெட்டுக்குக் கடைசி ஒன்று. எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், பேசாதவர் பேசாமலே போய்விடுவார். முடிந்ததும் ஒரு மாதம் இடைவெளி விட்டு 'வெள்ளை யானை', ஆறு ஞாயிறு. 'காவல் கோட்டம்' அடுத்த வருஷத்துக்கு. கூட இடம் வேண்டுமென்றால் அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு. பொங்கல் கழிந்த ஞாயிறில் தொடங்கினால், மூன்றாம் பாகம் முடியும்போது பாதாமியில் வெயில் ஏறிவிடும். ஆகஸ்ட் நடுவில் தொடங்குங்கள். அக்டோபரில் மழை ஓய்ந்து அந்த ஏரி நிரம்பியிருக்கும்போது மூன்றாம் பாகம் முடியும். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், தசரா கூட்டத்தில் கிடைக்காது.